1991-இல் தென்னமெரிக்காவைப் பிடித்த காலரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகக் காலராவே இல்லாதிருந்த ஒரு கண்டத்தில், ஒரே ஆண்டில் சுமார் 4 லட்சம் பேரை அந்நோய் தாக்கியது. ஆனால், அதே கண்டத்தின் மருத்துவமனைகள் இறப்பு விகிதத்தை 1 சதவீதத்தின் அருகிலேயே நிறுத்திக் காட்டின. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

1991-இல் உண்மையில் என்ன நடந்தது?

1991 ஜனவரி மாதக் கடைசியில் பெரு நாட்டின் பசிபிக் கரையோர ஊர்களில் கடுமையான வயிற்றுப்போக்குடன் பெரியவர்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். கோடைக்கால வயிற்றுப்போக்கு அந்நாட்டுக் குழந்தைகளிடம் ஆண்டுதோறும் காணப்படுவதுதான். ஆனால் நல்ல உடற்கட்டுள்ள பெரியவர்கள் சில மணி நேரத்திலேயே கண்கள் குழிந்து, நாடி தளர்ந்து வந்து விழுந்தது மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தது. சில நாட்களுக்குள் அது காலரா என்று ஆய்வகம் உறுதி செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெருவில் மட்டும் 3,22,562 பேர் நோயுற்றதாகவும் 2,909 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. கண்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1991-இன் இறப்பு சுமார் 4,000. அடுத்த சில ஆண்டுகளையும் சேர்த்தால் நோயுற்றோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது.

இதை ஏன் ஒரு பெருந்தொற்றின் பகுதியாகச் சொல்கிறார்கள்?

காலராவின் வரலாற்றை எழுதுவோர் 1817 முதல் இதுவரை ஏழு உலகளாவிய அலைகளைக் கணக்கிடுகிறார்கள். முதல் ஆறும் கங்கைக் கழிமுகப் பகுதியிலிருந்து கிளம்பியவை. ஏழாவது மட்டும் 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொடங்கியது. 1963-இல் இன்றைய வங்கதேசம், 1964-இல் இந்தியா, பிறகு மேற்காசியா, 1970-இல் ஆப்பிரிக்கா என்று நகர்ந்தது. இந்த அலையை உண்டாக்கிய கிருமிக்கு எல் டோர் என்று பெயர். எகிப்தின் சினாய்க் கரையில், மெக்காவிலிருந்து திரும்பும் பயணிகளைத் தனிமைப்படுத்தி வைக்கும் நிலையம் ஒன்று அந்தப் பெயரில் இருந்தது. 1905-இல் அங்கேதான் இக்கிருமி முதலில் பிரித்தெடுக்கப்பட்டது.

எல் டோர் வகைக்கு ஒரு தந்திரமான குணம் உண்டு. பழைய வகையைவிட அது மென்மையானது. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு நோயே தெரியாது, அல்லது சாதாரண வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஆனால் அவர்கள் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். படுக்கையில் விழாத நோயாளி பேருந்து ஏறுவார், சந்தைக்குப் போவார், எல்லை தாண்டுவார். முப்பது ஆண்டுகளாக அந்த அலை ஓயாமல் இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

முதல் நோயாளிகள் எங்கே காணப்பட்டார்கள்?

லிமா நகருக்கு வடக்கே உள்ள சான்காய் என்ற சிறு துறைமுக ஊரிலும், இன்னும் வடக்கே மீன்பிடித் தொழிலுக்குப் பேர்போன சிம்போட்டேயிலும், ஈக்வடார் எல்லையை ஒட்டிய பியூராப் பகுதியிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நோய் தலைகாட்டியது. ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களில் இப்படி ஒரே வாரங்களில் வெடித்ததுதான் பின்னால் எழுந்த பல ஊகங்களுக்கும் வித்தாக அமைந்தது.

கிருமி பெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

அக்காலத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது கப்பல் கதை. ஆசியாவிலிருந்து வந்த சரக்குக் கப்பல் ஒன்று, தன் அடித்தளத்தில் நிலைப்பாட்டுக்காக ஏற்றியிருந்த நீரைப் பெருவின் துறைமுகத்தில் கொட்டியது என்றும், அதிலிருந்து மீனுக்கும் சிப்பிக்கும் கிருமி பரவியது என்றும் பலர் நம்பினார்கள். இன்னொரு சாரார், காலராக் கிருமி கடல்நீரில் உள்ள நுண்மிதவை உயிர்களோடு ஒட்டி வாழக்கூடியது என்பதைச் சுட்டிக்காட்டி, பசிபிக் நீரின் வெப்பம் கூடியபோது ஏற்கெனவே அங்கிருந்த கிருமியே பெருகியது என்று வாதிட்டார்கள்.

பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மாதிரிகளின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்துக் குடும்ப மரம் வரைந்தபோது, தென்னமெரிக்க வகை ஆப்பிரிக்காவில் சுற்றிவந்த எல் டோர் கிளையிலிருந்து பிரிந்தது என்று தெளிவாயிற்று. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய அமெரிக்கக் கரையில் 1973 முதல் தங்கியிருக்கும் உள்ளூர்க் காலரா வகைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது 1991-லேயே தெரிந்திருந்தது. ஆக, கிருமி வெளியிலிருந்து மனிதர் வழியாக வந்தது என்பதற்கே சான்றுகள் வலுவாக இருக்கின்றன. கப்பலிலா விமானத்திலா என்பது இரண்டாம் பட்சம். இந்தக் கேள்விக்கு வாசகர்கள் தரும் முக்கியத்துவம், என் பார்வையில், சற்று மிகையானது. கிருமி சிலிக்கும் வந்தது, அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் வந்தது. அங்கெல்லாம் விரல்விட்டு எண்ணும் அளவிலோ சில பத்துகளிலோ நின்றுவிட்டது. பெருவில் மட்டும் ஏன் லட்சங்களானது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் பெருவில் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது?

தண்ணீர்தான் காரணம். 1980-களில் பெரு கடனிலும் பணவீக்கத்திலும் மூழ்கிக் கிடந்தது. 1990-இல் ஆண்டுப் பணவீக்கம் ஆயிரக்கணக்கான சதவீதத்தை எட்டியிருந்தது. மலைப்பகுதிகளில் ஒளிரும் பாதை என்ற கிளர்ச்சி இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் நடந்த போரிலிருந்து தப்பிய மக்கள் கூட்டம் கூட்டமாகக் கரையோர நகரங்களுக்கு இறங்கி வந்து, லிமாவைச் சுற்றிய பாலைநில மணற்குன்றுகளில் பாயும் தகரமும் வைத்துக் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புகளுக்குக் குழாயும் கிடையாது, கழிவுநீர்ப் பாதையும் கிடையாது. லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் விலை கொடுத்து வாங்கி, வாசலில் உள்ள பீப்பாயில் ஊற்றி வைத்துக்கொள்வதே வழக்கம். கோடைக் காலத்தில் நம் நகரங்களின் புறப்பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பீப்பாய்களைத் தனியாக வருணிக்க வேண்டியதில்லை.

குழாய் இருந்த ஊர்களின் நிலையும் பெரிதாக மேம்பட்டதல்ல. வடகரையின் பெருநகரான துருஹியோவில் ஆய்வாளர்கள் நீரின் பாதையைக் கிணற்றிலிருந்து வீடு வரை பின்தொடர்ந்து சோதித்தார்கள். கிணற்றில் ஓரளவு தூய்மையாக இருந்த நீர், பகிர்மானக் குழாய்களில் மலக் கிருமிகளைச் சேர்த்துக்கொண்டது. வீட்டுப் பாத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் கெட்டுப்போனது. சில மணி நேரமே நீர் விடப்படும் குழாயில் மற்ற நேரங்களில் அழுத்தம் இராது. அப்போது விரிசல்களின் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசியும். அனுமதியின்றித் துளையிட்டு எடுத்த இணைப்புகள் அந்த விரிசல்களை இன்னும் பெருக்கின. நீரில் குளோரின் கலக்கப்படவும் இல்லை. அந்நகரில் நோயுற்றோரையும் நோயுறாதோரையும் ஒப்பிட்டபோது, காய்ச்சாத நீரைக் குடித்தவர்களும், கைவிட்டு மொண்டெடுக்கும் பாத்திரத்திலிருந்து குடித்தவர்களும் அதிகமாகப் பாதிக்கப்பட்டது தெரிந்தது. பியூராவில் தெருவோரக் கடைகளின் உணவும் ஐஸ் போட்ட பானங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கெட்ட நீரில் உறைய வைத்த ஐஸ், வெயிலில் களைத்து வந்தவருக்கு எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் நோயின் வேகம் புரியும்.

மேலும், கண்டத்தில் எவருக்குமே முன்பு காலரா வந்ததில்லை என்பதால் உடலில் எதிர்ப்பாற்றல் எள்ளளவும் இல்லை. வங்கதேசம் போன்ற இடங்களில் பெரியவர்கள் சிறு வயதிலேயே தொற்றுக்கு ஆளாகி ஓரளவு காப்புப் பெற்றிருப்பார்கள். நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். பெருவில் எல்லா வயதினரும் ஒரே நேரத்தில் விழுந்ததற்கு இது ஒரு காரணம். மற்றொன்று இரத்த வகை. ஓ வகை இரத்தம் உள்ளவர்களுக்குக் காலரா தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். தென்னமெரிக்கப் பூர்வகுடி வழியினரில் மிகப் பெரும்பாலோர் ஓ வகையினர்.

புற்றுநோய்ப் பயத்தால் குளோரினை நிறுத்தியதே காரணம் என்று படித்தேன். அது உண்மையா?

இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கதை இது. குளோரின், நீரிலுள்ள கரிமப் பொருட்களோடு சேரும்போது உண்டாகும் சில சேர்மங்கள் புற்றுநோய் ஆபத்தைச் சிறிதளவு கூட்டலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் ஆய்வுகள் கூறின. அதைக் கேட்டுப் பெரு அதிகாரிகள் குளோரினைக் கைவிட்டார்கள். உடனே காலரா வந்தது என்பதே அதன் சுருக்கம். உள்ளூர் அலுவலர்கள் சிலர் அத்தகைய காரணத்தைச் சொன்னது உண்மைதான். ஆனால் பெருவின் பெரும்பாலான ஊர்களில் முன்பும் ஒழுங்காகக் குளோரின் கலக்கப்பட்டதில்லை. கருவிகள் பழுதாகிக் கிடந்தன, வாங்கக் காசில்லை, கலந்தாலும் ஒழுகும் குழாய்களில் அது வீடு வரை தாக்குப்பிடிப்பதில்லை. பல பத்தாண்டுக் கவனிப்பின்மையை ஓர் ஆய்வறிக்கையின் தலையில் கட்டுவது எளிது என்பதால் இக்கதை நீடிக்கிறது என்றே கருதுகிறேன். ஆயினும், புற்றுநோயின் மிகச் சிறிய ஆபத்தையும் வாந்திபேதியின் மிகப் பெரிய ஆபத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை உலகச் சுகாதாரத் துறையினர் அந்த ஆண்டில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

செவிச்சே என்ற மீன் உணவுக்கு இதில் என்ன பங்கு?

பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துச் சமைக்காமல் உண்பதே செவிச்சே. லிமாவின் கழிவுநீர் அன்று சுத்திகரிக்கப்படாமல் நேராகக் கடலில் கலந்துகொண்டிருந்தது; ஆகவே கரையோர மீனும் சிப்பியும் ஐயத்துக்குரியனவாயின. சுகாதார அமைச்சர் கார்லோஸ் விதால் பச்சை மீனைத் தவிர்க்கும்படி மக்களை எச்சரித்தார். மீனவர்களின் பிழைப்பு ஒரே வாரத்தில் சரிந்தது. இதைக் கண்ட குடியரசுத் தலைவர் ஆல்பெர்ட்டோ ஃபுஜிமோரி, செய்தியாளர்களின் ஒளிப்படக் கருவிகளுக்கு முன் செவிச்சே சாப்பிட்டுக் காட்டினார். தன் அரசின் தலைவரே தன் எச்சரிக்கையை மென்று விழுங்கிய பிறகு விதால் பதவியில் நீடிக்கவில்லை. மார்ச் மாதத்தில் விலகினார்.

இருவரின் நிலையிலும் பாதி நியாயம் இருந்தது. எலுமிச்சையின் அமிலத்தில் போதிய நேரம் ஊறினால் காலராக் கிருமி பெருமளவு அழிகிறது. பெருவின் நகர ஆய்வுகளில் நீரும் தெருவோர உணவும்தான் முன்னால் நின்றன, மீன் அல்ல. ஆனால் ஈக்வடாரின் குவாயாகில் நகரில் பச்சைக் கடலுணவு உண்டவர்களுக்கும், நண்டு உண்டவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது தெரிய வந்தது. ஓர் அரசு இரண்டு வாயால் பேசியதே அன்றைய உண்மையான கேடு. எதை நம்புவது என்று அறியாத மக்கள், தண்ணீரைக் காய்ச்சுங்கள் என்ற மறுக்க முடியாத அறிவுரையையும் அதே அலட்சியத்தோடு கேட்டார்கள். காய்ச்ச வேண்டுமென்றால் மண்ணெண்ணெய் வேண்டும். 1990 ஆகஸ்டில் ஃபுஜிமோரி அரசு மானியங்களை ஒரே இரவில் வெட்டியபோது எரிபொருள் விலை பன்மடங்கு ஏறியிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெருவிலிருந்து மற்ற நாடுகளுக்கு எந்த வழியில் சென்றது?

மார்ச் தொடக்கத்துக்குள் ஈக்வடாரின் தென்கரை மீனவச் சிற்றூர் ஒன்றில் காணப்பட்டது. அதே மாதம் கொலம்பியாவின் பசிபிக் கரையை அடைந்தது. ஏப்ரலில் சிலியின் தலைநகரான சாந்தியாகோவிலும், அமேசான் ஆற்றின் வழியே பெரு எல்லையைக் கடந்து பிரேசிலின் மேற்குக் கோடியிலும் நுழைந்தது. கடல், சாலை, ஆறு என மூன்று பாதையும் அதற்குத் திறந்திருந்தன. ஜூனில் மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் திடீரென்று தோன்றியது. இடையிலிருந்த நாடுகளைத் தாண்டி அது அங்கே குதித்தது, கண்காணிப்பாளர்கள் எதிர்பாராதது. பிறகு குவாத்தமாலா, எல் சால்வடோர், பனாமா என நடு அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகளுக்கு அவ்வாண்டுக்குள் பரவியது. பொலிவியா, வெனிசுலா ஆகியவையும் தப்பவில்லை. 1992 தொடக்கத்தில் அர்ஜென்டினா சேர்ந்தது. பிரேசிலில் அமேசான் காட்டிலிருந்து மெல்ல நகர்ந்து, ஏழ்மை மிக்க வடகிழக்கு மாநிலங்களை அடைந்தபோதுதான் நோயின் உச்சம் வந்தது. உருகுவேயும் கரீபியன் தீவுகளும் அந்த அலையில் தப்பின.

விமானமும் ஒரு பாதையாயிற்று. 1992 பிப்ரவரியில் புவெனஸ் ஐரிஸிலிருந்து லிமா வழியாக லாஸ் ஏஞ்சலஸ் சென்ற விமானம் ஒன்றில் 75 பயணிகளுக்குக் காலரா வந்து ஒருவர் இறந்தார்; லிமாவில் ஏற்றப்பட்ட குளிர்ந்த கடலுணவுக் கலவையே அதற்குக் காரணமென்று கண்டறிந்தார்கள்.

இவ்வளவு பேர் நோயுற்றும் இறப்பு ஏன் 1 சதவீதத்துக்குள் நின்றது?

காலரா கொல்வது நச்சினால் அல்ல, வறட்சியால். கிருமி சுரக்கும் நஞ்சு குடலின் சுவரைத் துளைப்பதில்லை. அதன் உப்பு வாயில்களைத் திறந்து வைத்துவிடுகிறது. அரிசி கழுவிய நீர் போன்ற வயிற்றுப்போக்காக ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை உடல்நீர் வெளியேறலாம். கடுமையாக நோயுற்றவர்களுக்குச் சிகிச்சை இல்லையென்றால் பாதிப் பேர் இறப்பார்கள். போன நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் ஏறத்தாழ எல்லோரும் பிழைப்பார்கள்.

நஞ்சினால் திறந்துகொண்ட குடலும்கூடச் சர்க்கரையோடு சேர்ந்து வரும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்ற கண்டுபிடிப்புதான் உப்பு சர்க்கரைக் கரைசலின் அடிப்படை. 1968-இல் டாக்காவில் இது காலரா நோயாளிகளிடம் நிறுவப்பட்டது. 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹாலநபிஸ் அக்கரைசலைப் பீப்பாய்களில் கலந்து உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இருபது ஆண்டுகள் கழித்துப் பசிபிக்கின் மறுகரையில் பெருவைக் காத்தது அதே கரைசல்தான்.

அது தற்செயலாக நேரவில்லை. குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்குக்காகப் பெருவும் அண்டை நாடுகளும் 1980-கள் முழுவதும் கரைசல் பொட்டலங்களைச் சுகாதார நிலையங்களில் இருப்பு வைத்து, செவிலியருக்கும் ஊர்த் தாய்மார்களுக்கும் பயிற்சி தந்திருந்தன. ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.9 கிராம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு என்ற அந்தப் பொட்டலத்தை எப்படிக் கரைப்பது என்பது 1991 பிப்ரவரியில் எவருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை. அதிர்ச்சி நிலையில் வந்தவர்களுக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். கண் விழித்ததும் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். படுக்கை போதாமல் நடைகூடத்திலும் முற்றத்திலும் நோயாளிகளைக் கிடத்தி மருத்துவம் பார்த்த அதே மருத்துவமனைகளில், பல நாட்களில் ஒரு சாவும் இல்லாமல் போனது. ஐரோப்பியத் துறைமுகங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே நோய் பாதிக்குப் பாதி கொன்றதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும்.

அந்தக் குறைந்த இறப்பு நாடெங்கும் ஒரே மாதிரி இருந்ததா?

இல்லை. நாட்டுச் சராசரி என்ற எண் எதை மறைக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். சாலையும் மருத்துவமனையும் உள்ள கரையோர நகரங்களில் இறப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. காஹமார்க்கா போன்ற மலைப்பகுதிகளிலும் அமேசான் காட்டுப் பகுதிகளிலும் அது பல மடங்கு. நோய் பிற்பகலில் தொடங்கினால் நள்ளிரவுக்குள் உயிர் போகக்கூடிய ஒருவரை, ஒரு நாள் படகில் கொண்டுசெல்லும் தூரத்தில் சுகாதார நிலையம் இருந்தும் பயனில்லை. அத்தகைய இடங்களில் பொட்டலங்களை ஊர்களிலேயே, பயிற்சி பெற்ற ஒருவரின் வீட்டிலேயே இருப்பு வைத்தபோதுதான் சாவு குறைந்தது.

தடுப்பூசியும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஏன் பெரிதாகப் பயன்படவில்லை?

அன்றிருந்த ஊசி சுமார் பாதிப் பேரைச் சில மாதங்களுக்கு மட்டுமே காத்தது. தொற்றிக்கொள்வதையும் பிறருக்குப் பரப்புவதையும் அது தடுக்கவில்லை. எனவே உலகச் சுகாதார நிறுவனமும் அதன் அமெரிக்கப் பிரிவான பான் அமெரிக்க சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கவில்லை. வாய்வழித் தடுப்பு மருந்துகள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன.

நுண்ணுயிர்க்கொல்லி, கடுமையான நோயாளிக்கு வயிற்றுப்போக்கின் காலத்தைக் குறைக்கும். அந்த அளவில் அது பயன்பட்டது. ஆனால் நோயாளியின் வீட்டார், அக்கம்பக்கத்தார் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்கும் பழக்கம் ஈக்வடாரில் பரவலாக இருந்தது. சில மாதங்களிலேயே அங்கே பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காலரா தலைதூக்கியது.

மற்ற நாடுகள் எல்லையை மூடவில்லையா?

மனிதரைத் தடுத்ததைவிடச் சரக்கைத் தடுத்ததே அதிகம். ஐரோப்பிய நாடுகளும் அண்டை நாடுகளும் பெருவின் மீனையும் காய்கனியையும் மறுத்தன அல்லது துறைமுகத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தன. டப்பாவில் அடைத்து வேகவைத்த மீனிலும், உலர்த்திய மீன்தூளிலும் காலராக் கிருமி பிழைக்காது என்று தெரிந்தும் தடை நீடித்தது. ஏற்றுமதி, சுற்றுலா இரண்டிலுமாகப் பெரு இழந்தது சுமார் 77 கோடி டாலர் என்று கணக்கிடப்படுகிறது. பயணிகளிடம் தடுப்பூசிச் சான்று கேட்பது பயனற்றது என்று 1973-லேயே உலகச் சுகாதாரப் பேரவை முடிவு செய்திருந்ததால் அந்தத் தொல்லை மட்டும் பெருமளவு தவிர்க்கப்பட்டது. இத்தடைகளால் விளைந்த ஒரு தீமை கண்ணுக்குத் தெரியாதது: உண்மையைச் சொன்ன நாடு தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிற அரசுகள், தங்கள் எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கின.

சிலி எப்படித் தப்பியது?

சாந்தியாகோ நகரில் பெரும்பாலான வீடுகளுக்குக் குளோரின் கலந்த குழாய்நீர் கிடைத்தது. அதனால் நோய் நீரின் வழியே புகவில்லை. அது புகுந்த வாசல் வேறு. நகரின் கழிவுநீரைச் சுமந்த ஆற்றிலிருந்து பாய்ச்சிய வயல்களில் விளைந்த கீரையும் காய்களும் பச்சையாக உண்ணப்பட்டன. டைபாய்டு காய்ச்சல் அந்நகரில் பல்லாண்டுகளாக ஓயாதிருந்ததற்கும் இதுவே காரணம் என்பது வல்லுநர்களுக்கு முன்பே தெரியும்; ஆனால் விவசாயிகளைப் பகைத்துக்கொள்ள யாரும் துணியவில்லை. காலரா என்ற பெயரைக் கேட்டதும் துணிவு வந்தது. கழிவுநீர்ப் பாசனம் தடை செய்யப்பட்டது, அதில் விளைந்த பயிர் அழிக்கப்பட்டது, உணவகங்களில் பச்சைக் காய்கள் பரிமாறுவது நிறுத்தப்பட்டது. 1991-இல் சிலியில் பதிவான காலரா நோயாளிகள் 41 பேர் மட்டுமே. அதைவிடப் பெரிய பலன், டைபாய்டு அவ்வாண்டிலேயே செங்குத்தாகச் சரிந்தது. மெக்சிகோவும் அதே ஆண்டில் குடிநீருக்குக் குளோரின் கலப்பதைக் கட்டாயமாக்கி, கழிவுநீர்ப் பாசனத்தைக் கட்டுப்படுத்தியது. அங்கே அடுத்த ஆண்டுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்குச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

குழாய் வராத வீடுகளுக்கு என்ன செய்தார்கள்?

கண்டம் முழுவதற்கும் நீரும் கழிவுநீர்ப் பாதையும் அமைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 20,000 கோடி டாலர் வேண்டும் என்று பான் அமெரிக்க சுகாதார நிறுவனம் திட்டமிட்டது. அந்தத் தொகை எந்த அரசின் கைக்கும் எட்டாதது. இடைக்கால ஏற்பாடாக உருவானது ஓர் எளிய குடம்: கை நுழையாத குறுகிய வாய், அடியில் ஒரு திருகுக் குழாய், கூடவே உப்பையும் மின்சாரத்தையும் கொண்டு உள்ளூரிலேயே தயாரித்த நீர்த்த குளோரின் கரைசல். பொலிவியாவில் இதைச் சோதித்தபோது வீட்டு நீரின் தரம் உயர்ந்தது, வயிற்றுப்போக்கும் குறைந்தது. துருஹியோவில் கண்ட, கைவிட்டு மொள்ளும் பாத்திரத்துக்கான நேரடி விடை அது.

மக்களின் வழக்கத்திலேயே இருந்த ஒரு காப்பும் வெளிப்பட்டது. அமேசான் கரை நகரான இக்கிட்டோஸில் தொரோன்ஹா என்ற புளிப்புப் பழத்தின் சாற்றைக் கலந்த பானம் குடித்தவர்களுக்குக் காலரா குறைவாகவே வந்தது. அமிலத்தில் அக்கிருமி நிலைக்காது என்பதால் அதில் வியப்பில்லை.

சென்னைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் காலத்தால் நெருங்கிய ஒன்று உண்டு. பெருவில் பரவியது ஓ1 என்ற குழுவைச் சேர்ந்த கிருமி. உலகில் பெருந்தொற்றை உண்டாக்கியவை எல்லாம் அந்த ஒரே குழுதான் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் காலரா போலவே நடந்துகொண்ட, ஆனால் ஓ1-க்கான சோதனையில் சிக்காத கிருமி ஒன்று காணப்பட்டது. அது ஓ139 என்று பெயரிடப்பட்டு, சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. வங்காள விரிகுடாவின் கரையோரம் பரவியதால் அதற்கு வங்காளம் என்ற அடைமொழி கிடைத்தது. முதலில் தென்பட்டது சென்னையில் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பழைய காலராவால் பெற்ற எதிர்ப்பாற்றல் இதனிடம் செல்லுபடியாகாததால், எட்டாவது பெருந்தொற்று இதுதானோ என்ற அச்சம் தென்னமெரிக்கா வரை எழுந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அது வேரூன்றவில்லை. ஆசியாவிலும் எல் டோரே மீண்டும் மேலோங்கியது.

அந்த அலை எப்போது ஓய்ந்தது? மறுபடி வந்ததா?

1990-களின் நடுவில் தணியத் தொடங்கி, 1998-இல், பசிபிக் நீர் சூடாவதால் வரும் கடும் எல் நீன்யோ மழையோடு பெருவில் மீண்டும் உயர்ந்து, 2000-களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. குளோரின் பரவலானதும் மக்களிடம் எதிர்ப்பாற்றல் சேர்ந்ததும் சேர்ந்தே அதைச் சாதித்திருக்க வேண்டும்.

1991-இல் தப்பிய கரீபியன் தீவுகளில் ஒன்றான ஹெயிட்டிக்கு அது 2010 அக்டோபரில் வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் நிலநடுக்கத்தால் சிதைந்திருந்த அந்நாட்டில், நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆர்த்திபோனித் ஆற்றின் துணையாற்றில் கலந்ததே தொடக்கம் என்று மரபணு ஆய்வும் கள ஆய்வும் காட்டின. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் 2016 டிசம்பரில்தான் ஹெயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2019-க்குப் பிறகு நோய் அற்றுப்போனதாகத் தோன்றிய அந்நாட்டில், 2022 அக்டோபரில், ஆயுதக் கும்பல்கள் எரிபொருள் கிடங்கை முற்றுகையிட்டுக் குடிநீர் வழங்கல் தடைப்பட்டிருந்த வாரங்களில், காலரா மீண்டும் கண்டறியப்பட்டது.